பந்தலுக்குத் தேய்த்த கார்டு

எங்கள் வீட்டில் ஒரே ஒரு கிரெடிட் கார்டுதான். அது என் பையில் இருக்கிறது. என் கணவர் சிவநேசனிடம் அதைக் கொடுக்க மாட்டேன், அவரும் கேட்க மாட்டார். ஒரு காலத்தில் அவரிடம் மூன்று கார்டுகள் இருந்தன. அந்தக் கதையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. ஆனால் அதைச் சொல்லாமல் விட்டால், அறுபது ரிங்கிட்டுக்கு, எங்கள் பேச்சில் அறுபது வெள்ளிக்கு, இவள் ஏன் இப்படிப் புலம்புகிறாள் என்று உங்களுக்குப் புரியாது.

அவர் ஆடம்பரம் பண்ணிக் கெட்டவரில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். மாமியாரின் ஆஸ்பத்திரிச் செலவு, மோட்டார் சைக்கிளுக்குப் புது எஞ்சின், ஒரு தீபாவளிக்கு எல்லாருக்கும் துணி, அவ்வளவுதான். பில் வரும்போதெல்லாம் "மினிமம் கட்டினா போதும்லா" என்பார். மினிமம் கட்டினோம், கட்டிக்கொண்டே இருந்தோம், கடன் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. பிறகு வங்கியிலிருந்து போன் வர ஆரம்பித்தது. வீட்டுக்கு வந்தது, அவர் வேலை செய்யும் லாரி கம்பெனிக்கு வந்தது, ஒருநாள் முதலாளி தாவ்கேயின் கைப்பேசிக்கே வந்தது. என் தாலிக்கொடி அடகுக்கடைக்குப் போய்த் திரும்பி வந்து மறுபடியும் போனது. ஆறு வருஷம் இரண்டு பேரும் ஓவர்டைம் பார்த்து அதை அடைத்தோம். இன்றைக்கும் தெரியாத நம்பரிலிருந்து போன் அடித்தால் அவர் எடுக்க மாட்டார், திரையையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

இவ்வளவு பட்ட பிறகும் மறுபடி எதற்குக் கார்டு என்று கேட்பீர்கள். என் அம்மாவும் கேட்டார். பாயான் பாரு தொழிற்சாலையில் என் பக்கத்தில் நின்று வேலை பார்க்கும் ருக்கையாதான் காரணம். அவள் வருஷக்கணக்கில் கார்டு வைத்திருக்கிறாள், ஒரு காசு வட்டி கட்டியதில்லை. "கார்டுன்னா கடன்னு நெனைக்காத துளசி. அதுவும் பர்ஸ்தான். பர்ஸ்ல இல்லாத காச அதுல தேய்க்காத, அவ்வளவுதான்" என்றாள். கேட்க எளிதாக இருந்தது. செய்யவும் எளிதாகத்தான் இருந்தது, மற்றவர்கள் நுழையாதவரை.

நான் அதில் பெட்ரோல், மளிகை, போன் பில் மூன்றைத் தவிர வேறு எதையும் தேய்ப்பதில்லை. தேய்த்த அன்றைக்கே அந்தத் தொகையை நோட்டாக எடுத்து அலமாரியில் ஓர் உறையில் வைத்துவிடுவேன். பில் வந்ததும் உறையைப் பிரித்து முழுதாகக் கட்டிவிடுவேன். மளிகைக்கு வங்கி ஐந்து சதவீதம் திருப்பித் தரும். ஆனால் மாதத்துக்குப் பதினைந்து வெள்ளிதான் உச்சம், அதற்கு மேல் நீங்கள் தலைகீழாக நின்றாலும் ஒரு காசு வராது. முந்நூறு வெள்ளிக்குச் சாமான் வாங்கினால் அந்தப் பதினைந்து வந்துவிடும். அரிசி, எண்ணெய், பருப்பு, சீனி, மைலோத் தூள் என்று எங்கள் வீட்டுக்கே முந்நூறு ஆகிவிடுகிறது. அப்படி மிச்சமாகும் பதினைந்து வெள்ளியை மாதாமாதம் ஒரு பழைய மைலோ டின்னில் போட்டு வந்தேன்.

டின்னில் இருந்த காசு என் மகள் அதிராவின் கண்ணாடிக்கு. அவள் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். பழைய கண்ணாடியின் ஒரு காது உடைந்து பசை போட்டு ஒட்டியிருக்கிறது. பவரும் ஏறிவிட்டது. ஆயர் ஈத்தாம் பாசார் சந்தைக்குப் பக்கத்திலுள்ள கண்ணாடிக்கடைக்காரன் சட்டம், வில்லை எல்லாம் சேர்த்து நூற்றெண்பது சொன்னான். நானும் பேரம் பேசிப் பார்த்தேன், அவன் அசையவில்லை. தைப்பூச மாதத்தோடு டின்னில் நூற்றெண்பது சேர்ந்துவிடும் என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தேன். அவள் சட்டத்துக்கு நிறம்கூடத் தேர்ந்தெடுத்துவிட்டாள், ஊதா.

இந்த நேரத்தில்தான் பந்தல் கூட்டம் வந்தது.

எங்கள் அடுக்குமாடிக்காரர்கள் சேர்ந்து வருஷா வருஷம் தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போடுகிறோம். பெரிய கம்பெனிகள் போடுகிற பந்தல் மாதிரி லைட்டும் பாட்டும் கிடையாது. ஒரு கூடாரம், நாலு மேசை, சிராப் என்கிற சிவப்புச் சர்பத், மோர், அவித்த கடலை, மத்தியானம் பீஹூன் சேமியா. பொறுப்பாளர் பிச்சைமுத்து அண்ணன், துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். சம்பளம் வந்த பிறகுதான் வீடுகளில் வசூல் வரும், சாமானோ முன்கூட்டியே வாங்க வேண்டும். முன்பெல்லாம் கீழே இருந்த மளிகைக்கடைக்காரர் கடனுக்குக் கொடுத்துவிடுவார். அவர் போன வருஷம் கடையை மூடிவிட்டு மகனோடு ஈப்போவுக்குப் போய்விட்டார். இந்தத் தடவை யார் காசைப் போடுவது என்று எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது கீழ்வீட்டு புஷ்பவள்ளி அக்கா எழுந்தார். நல்ல மனுஷி, ஆனால் நாக்கு மட்டும் அவர் சொன்னபடி கேட்காது. "ஏன் முழிக்கிறீங்க? நம்ம துளசிகிட்ட கார்டு இருக்குல்ல! அவ தேய்க்கட்டும், வசூல் வந்ததும் குடுத்திடுவோம். அஞ்சு பர்சென்ட் வேற திரும்ப வருதாம். ஆயிரத்து எரநூறு வெள்ளிக்குச் சாமான்னா அறுபது வெள்ளி! அது முருகனுக்குச் சேரட்டும்லா!"

எல்லாரும் கைதட்டினார்கள். ஒரு கிழவர் "அரோகரா" என்று வேறு சொல்லிவிட்டார்.

அந்த இடத்திலேயே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். "அக்கா, பதினஞ்சுக்கு மேல வராது. அந்தப் பதினஞ்சும் என் வீட்டு அரிசி பருப்புக்கே வந்திடுச்சு" என்று ஒரே மூச்சில் சொல்லியிருக்கலாம். வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? ஆனால் முருகன் காரியம். அதில் நின்று உச்சம், சதவீதம் என்று பேசினால் கஞ்சப்பிசினாறி என்பார்கள். முதலில் காசைக் கொடுங்கள் என்று கேட்டால், சாமி காரியத்தில் நம்பிக்கை இல்லாதவள் என்பார்கள். இது இரண்டும் எங்கள் மாடிப்படியில் எத்தனை வருஷம் ஏறி இறங்கும் என்று எனக்குத் தெரியும். நான் சிவநேசனைப் பார்த்தேன். அவர் மெதுவாகத் தலையை ஆட்டி வேண்டாம் என்றார். நான் சரி என்றேன்.

"நீ தனியா நன்கொடைகூட குடுக்க வேணாம்" என்றார் புஷ்பவள்ளி அக்கா. "கார்டு குடுக்கிறியே, அதே பெரிசு." வழக்கமாக நாங்கள் முப்பது வெள்ளி கொடுப்போம். அது மிச்சம் என்று அற்பமாக ஒரு சந்தோஷம்கூட எனக்கு வந்தது.

தைப்பூசத்தன்று காலை, இரவு ஷிஃப்ட் வேலையை முடித்துத் தொழிற்சாலை பஸ்ஸிலிருந்து இறங்கி நேராகப் பந்தலுக்குப் போனேன். வெயில் மண்டையைப் பிளந்தது. காவடிகள் வந்துகொண்டே இருந்தன. கால் வீங்கிச் செருப்பு இறுகிவிட்டது. சிவநேசன் ஐஸ் மூட்டைகளைச் சுமந்து கொட்டினார், நான் சிராப் ஊற்றினேன், அதிரா காகிதக் குவளைகளை அடுக்கினாள். அடுக்கும்போது இரண்டு மூன்று தடவை மேசைக்கு வெளியே வைத்துக் கீழே போட்டாள். "பார்த்து வைடி" என்று அதட்டினேன்.

பக்கத்து மேசையில் புஷ்பவள்ளி அக்கா யாருக்கோ பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "இந்த எலுமிச்சம்பழம், புதினா எல்லாம் எதுல வாங்கினோம்னு நெனைக்கிறீங்க? துளசி கார்டுல அறுபது வெள்ளி கேஷ்பேக் வந்துச்சு, அதுலதான். முருகனே குடுத்த மாதிரிதானே!"

எனக்குக் கையிலிருந்த கரண்டி நழுவியது. வராத அறுபது வெள்ளியைச் செலவும் பண்ணிவிட்டார்களா! அவரைத் தனியாக இழுத்துச் சொல்லலாம் என்றால், எதிரே குவளையை நீட்டிக்கொண்டு இருபது பேர் நிற்கிறார்கள். அரோகரா என்ற சத்தத்தில் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு அப்படியே தரையில் படுத்தவள்தான்.

அதன் பிறகு காத்திருந்தேன். பிச்சைமுத்து அண்ணனை லிஃப்டில் பார்த்தால், "கணக்கு முடியட்டும்மா, ரெண்டு வீடு இன்னும் குடுக்கல" என்பார். லிஃப்ட் பழுதாகி மாடிப்படியில் பார்த்தாலும் அதையேதான் சொன்னார். பில் வந்துவிட்டது. என் வீட்டுச் செலவுக்கான காசு உறையில் அப்படியே இருந்தது. பந்தலுக்குத் தேய்த்த ஆயிரத்து இருநூறுக்குத்தான் உறை காலி. கட்ட வேண்டிய கடைசி நாள் வெள்ளிக்கிழமை. வங்கியிலிருந்து நினைவூட்டும் போன் ஒன்று வந்தது, தெரியாத நம்பர். என் கைப்பேசிதான் அடித்தது, ஆனால் சாப்பிட்டுக்கொண்டிருந்த சிவநேசன் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

வியாழக்கிழமை வேலை முடிந்த கையோடு நான் பிச்சைமுத்து அண்ணன் வீட்டுக்கே போய்விட்டேன்.

அவர் எல்லாவற்றையும் எடுத்துத் தயாராக வைத்திருந்தார். ரப்பர் வளையம் போட்ட நோட்டுக்கட்டை என் கையில் கொடுத்தார். எண்ணினேன். ஆயிரத்து நூற்று நாற்பது.

"அண்ணே, அறுபது கொறையுதே."

"கேஷ்பேக் அறுபது உன் கார்டுல வந்திடுச்சேம்மா. அதைக் கழிச்சுதான் வெச்சிருக்கேன்."

"வரலண்ணே. பதினஞ்சுதான் மாசத்துக்கு. அதுவும் என் வீட்டுச் சாமானுக்கு வந்தது. பந்தல் சாமானுக்கு ஒரு காசு வரல." கைப்பேசியில் கார்டுக் கணக்கைத் திறந்து நீட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். பார்த்தவர் முகம் சுருங்கிவிட்டது.

"அப்போ கூட்டத்துல ஏம்மா சும்மா இருந்த?"

நியாயமான கேள்வி. நான் சும்மாதான் இருந்தேன்.

"வரவுன்னு சொல்லியாச்சு. அதுல எலுமிச்சம்பழமும் வாங்கியாச்சு" என்றார். குரல் தாழ்ந்துபோயிருந்தது. "ரெண்டு வீடு குடுக்கவே இல்லம்மா. எரநூறு வெள்ளி என் பென்ஷன் காசுலேர்ந்து போட்டுத்தான் இந்தக் கட்டையே முழுசாக்கினேன். யாருகிட்டயும் சொல்லல. இப்போ இன்னொரு அறுபதுக்கு நான் எங்க போவேன், சொல்லு?"

சண்டை போடத்தான் போனேன். வரும் வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கி வைத்துக்கொண்டுதான் போனேன். அந்த மனுஷனின் வெளுத்த பனியனையும், மேசையில் பாதி வெட்டி வைத்திருந்த மாத்திரையையும் பார்த்ததும் அடுக்கியதெல்லாம் கலைந்துவிட்டது. "பரவால்லண்ணே" என்று சொல்லிவிட்டு வந்தேன். பரவாயில்லையாவது மண்ணாங்கட்டியாவது! படி ஏறும்போது என்னையே திட்டிக்கொண்டு ஏறினேன்.

வீட்டில் சிவநேசன் மாக் மண்டின் தொழிற்பேட்டைக்கு லாரி ஓட்டிவிட்டு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் காத்திருந்தார். நான் சொன்னதைக் கேட்டார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"மினிமம் எண்பத்தஞ்சுதான் கேக்குறான். நாம ஆயிரத்து அறுநூறுக்கு மேல கட்டுறோம். அறுபதுதானே பாக்கி நிக்கும்? அடுத்த மாசம் பாத்துக்கலாம்லா."

எனக்குத் தலையிலிருந்து கால்வரை பற்றிக்கொண்டு வந்தது. "அந்த வார்த்தைய இந்த வீட்டுல சொல்லாதீங்க! எத்தனை வருஷம் அதைச் சொன்னீங்க? பாக்கி நிக்கட்டும்னு விட்டா, அடுத்த மாசம் அரிசி வாங்கித் தேய்க்கிற அன்னைக்கே அதுக்கும் வட்டி ஓடும். அது உங்களுக்குத் தெரியாதா? உங்களுக்கா தெரியாது?"

"தெரியும்" என்றார். "எனக்காகவா சொல்றேன்? இல்லன்னா டின்னுல இருக்கிற காசத்தானே எடுப்ப?"

என் கண் டின் பக்கம் போனது. அவர் சொன்னது சரிதான்.

"அன்னைக்கு ஒருநாள் வேலை விட்டு வந்தேன்" என்றார். "வாசல்ல நின்னு அதிராவப் பாத்துச் சிரிச்சேன். அவ கிட்ட வந்து என் மூஞ்சியையே உத்துப் பாத்துட்டு, 'அழுவுறீங்களாப்பா'ன்னு கேட்டா. நான் சிரிச்சிட்டுத்தான் இருந்தேன் துளசி."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேரும் மாடாக உழைக்கிறோம், குடிப்பதில்லை, ஊர் சுற்றுவதில்லை, வாங்கியதற்கு வாங்கிய அன்றே காசு எடுத்து வைக்கிறோம். ஒழுங்காக இருப்பதற்கும் இவ்வளவு களைப்பாக இருக்குமா? அழுகை வந்தது, அழுவதற்குத்தான் தெம்பு இல்லை.

கடைசியில் எழுந்து மைலோ டின்னை எடுத்தேன். மூடி இறுக்கமாக இருந்தது, கரண்டிக்காம்பால் நெம்பினேன். நாலு மாதத்துச் சேமிப்பு போய் அந்த அறுபது வெள்ளி உறைக்கு வந்தது. மறுநாள் காலையில் சிவநேசன்தான் மொத்தத்தையும் எடுத்துக்கொண்டு போய் வங்கி மெஷினில் போட்டார். பாக்கி பூஜ்யம் என்று நான் கைப்பேசியில் பார்த்துச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். வழக்கமாகப் பில் கட்டிய அன்று அவர் ஒரு ரொட்டி சானாய் வாங்கி வருவார், அன்றைக்கு வாங்கவில்லை.

அதிராவிடம் சொல்ல வேண்டியிருந்தது. "கண்ணாடி கொஞ்சம் லேட்டாகும்டி. இன்னும் நாலு மாசம்" என்றேன். ஏன் என்று அவள் கேட்டிருந்தால் எனக்குக் கோபப்பட ஒரு சாக்குக் கிடைத்திருக்கும். அவள் கேட்கவில்லை. "சரிம்மா. டீச்சர்கிட்ட முன்னாடி உக்காரக் கேக்குறேன்" என்றாள். பிறகு, "ஊதா கலர் அதுக்குள்ள வித்துடுமா?" என்று மட்டும் கேட்டாள். விற்காது என்றேன். எனக்கு எப்படித் தெரியும்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் பசியாறிவிட்டு உட்கார்ந்திருந்தோம். என் கைப்பேசியில் அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. நான் கால்களை வெந்நீரில் வைத்திருந்தேன், எழுந்திருக்க முடியவில்லை. அதிராவை எடுத்துப் படிக்கச் சொன்னேன்.

"பந்தல் வரவு செலவும்மா. பிச்சைமுத்து தாத்தா போட்டிருக்காரு" என்றவள் சத்தமாகப் படித்தாள். "உதவிய நல்லுள்ளங்கள். புஷ்பவள்ளி குடும்பம் நூறு வெள்ளி. ஷஃபீக் ஐஸ் கடை ஐம்பது வெள்ளி. ஏழாவது மாடி நண்பர்கள் எண்பது வெள்ளி..." ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டே போனாள். "வங்கி கேஷ்பேக் அறுபது வெள்ளி. முருகப்பெருமான் அருளால் உதவிய வங்கிக்கும் நன்றி."

பிச்சைமுத்து அண்ணனின் இருநூறு அதில் இல்லை. சிவநேசனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தமில்லாத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது. எனக்கும் கொஞ்சம் வந்தது. வங்கிக்கு நன்றியாமே, முருகா! அந்தச் செய்திக்குக் கீழே புஷ்பவள்ளி அக்கா அதற்குள் கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டுவிட்டார், அடுத்த வருஷமும் துளசி கார்டிலேயே வாங்கலாம் என்றும் எழுதியிருந்தார்.

அதிரா சிரிக்கவில்லை. முதலிலிருந்து மறுபடியும் தேடிக்கொண்டிருந்தாள். திரை மூக்கைத் தொடும் அளவுக்குப் போயிருந்தது.

"அம்மா, எல்லார் பேரும் இருக்கு. நம்ம பேரு மட்டும் இல்லியே. எனக்குத்தான் தெரியலையா?"

"இல்லடி, நீ சரியாத்தான் படிச்ச" என்றேன். "போன அவ்வளவு பக்கத்துல வெச்சுப் பாக்காத, கண்ணு கெட்டுப் போகும். தள்ளிப் புடி."

அவள் சொன்னபடி கையை நீட்டித் தள்ளிப் பிடித்தாள். கண்களை இடுக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"தள்ளிப் புடிச்சா ஒண்ணுமே இல்லம்மா" என்றாள்.